பாட்டின் நடுவில் பிடுங்கிய வயர்

என் அன்பு மேரியக்கா,

நீ இறந்து முப்பத்தோராம் நாள் பூசையில், நீ பாடும் வியாகுலப் பாட்டை நான் கிற்றாரில் வாசித்துக்கொண்டிருந்தபோது, நடுவில் என் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். மூன்றாம் அடி முடியவில்லை. பேசாலை ஊர்ச் சனம் எல்லாம் பார்த்திருக்க, சத்தமில்லாத கம்பியில் என் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அது அநியாயம். மாதங்கள் போனதால் அது சிறிதாகிவிடவில்லை.

பிடுங்கியவன் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அன்ரன். சத்தத்தை முறுக்கி நீட்டும் ஓவர்டிரைவ் பெடலில் கிற்றார் கரகரத்ததும், தன் ஸ்பீக்கர் பழுதாகிறது என்று நினைத்துப் பாய்ந்து வந்தான்.

"அண்ணை, ஸ்பீக்கர் கோன் கிழியுது, நிப்பாட்டுங்கோ!"

"கிழியேல்லையடா. அது நான் வைச்ச சத்தம்!"

அதற்குள் வயர் அவன் கையில். பாடகர் குழுவை நடத்தும் ரோசலின் ரீச்சர் உடனே வேறு பாட்டைத் தொடங்கிவிட்டார். பூசை முடிந்ததும் என்னிடம் வந்து, "கோயிலுக்குள்ள உந்த மோட்டச் சைக்கிள் சத்தம் வேண்டாம், ஐயா" என்றார்.

மோட்டார் சைக்கிளா அது? அது உன் குரல். பெரிய வெள்ளியில் மாதாவின் அழுகையைப் பாடி மேலே ஏறும்போது, ஓரிடத்தில் உன் தொண்டை உடையுமே, அந்த உடைவு. பெடல் இல்லாத கிற்றாரில் கம்பியைத் தட்டியதும் சத்தம் மெலிந்துவிடும். உன் மூச்சின் நீளத்துக்கு அது நிற்காது. பெடல்தான் இழுத்துப் பிடிக்கும்.

முதலில் நீயும் ஏசினவள்தானே? குசினியில் மீன் வெட்டிக்கொண்டே, "தம்பி, ஏன் உது தகரத்தை இழுக்கிற மாதிரிக் கத்துது?" என்றாய். கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழைக் குறைத்தேன். "இப்ப குளவி" என்றாய். டோன் குமிழைத் திருப்பிக் கீச்சை அடக்கினேன். "இப்ப தலகணிக்குள்ள இருந்து கதைக்குது." எனக்கு இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. திருப்பித் திருப்பித்தான் பிடித்தேன். கெயினைப் பாதிக்கும் கீழே வைத்து, சத்தத்தின் லெவலை ஏற்றினேன். மெல்லத் தட்டினால் தெளிவு, அழுத்தித் தட்டினால் கரகரப்பு. அது வந்த அன்று நீ கத்தியை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாய்.

"உது ஆர்?"

நான் அந்த அடியை இன்னொருமுறை வாசித்தேன். நீ சிரித்தாய். "நான் போனாப் பிறகு உதைத்தான் வாசிக்கோணும். முழுசா வாசிக்கோணும், கேட்டியே?" என்றாய். அதைத்தான் அவர்கள் முடிக்கவிடவில்லை.

இனி ஊர்ப் புதினம் கேள். அன்ரனைக் கண்ட இடமெல்லாம் சண்டை பிடித்தேன். பூசையன்று காலையிலேயே அவனுக்குச் சொன்னேன், என் சின்னக் கிற்றார் அம்ப் பெட்டிக்கு முன்னால் ஒரு மைக்கை வை என்று. "பாட்டுக்காரருக்கே மைக் காணாது அண்ணை, வயரை நேர மிக்சரில குத்துங்கோ" என்றான். பெடலின் கரகரப்பு நேரே பெரிய ஸ்பீக்கருக்குப் போனால் கீறலாகத்தான் கேட்கும். அம்ப் பெட்டியின் ஸ்பீக்கர் அந்தக் கீச்சை விழுங்கித் தொண்டையை மட்டும் வெளியே விடும். பிழை பெடலில் இல்லை, குத்திய இடத்தில்.

போன கிழமை அவனே சாமான்களோடு வீட்டுக்கு வந்தான். "சரி, உங்கட பிடிவாதத்தை ஒருக்காக் காட்டுங்கோ. இல்லாட்டி என்னைச் சந்தைக்குப் போகவும் விடமாட்டியள்."

முதலில் நேரே குத்தி வாசித்தேன். காதைப் பொத்தினான். பிறகு பெட்டியை வைத்து, அதன் முன்னால் மைக்கை வைத்து, அதே அடியை வாசித்தேன். கையை எடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தான்.

"எங்கட அம்மான்ர செத்தவீட்டில மேரியக்கா உப்பிடித்தான் பாடினவ" என்றான். எழும்பி வயரைச் சுருட்டிக்கொண்டே, "ஆனா சத்தத்தைக் கூட்டக்கூடாது அண்ணை. கோன் என்ர" என்றான்.

"கூட்டுவன்" என்றேன்.

ரீச்சரிடமும் போனேன். "பங்குச் சுவாமி ஓமெண்டாப் பாப்பம்" என்றார். முன்பு என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார். இதை ஓம் என்று எடுக்கலாமா, அக்கா? நான் எடுத்துவிட்டேன்.

உன் ஆண்டுப் பூசை வருகிறது. ஊரில் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன். சுவாமி ஓம் சொல்லவேண்டும். அன்ரன் மைக்கை என் பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டுத் தன் கைகளைத் தன்னிடமே வைத்திருக்கவேண்டும். ரீச்சர் கடைசி அடி ஓயும்வரை குழுவை எழுப்பக்கூடாது. நான் வாசிக்கவேண்டும். நடுவில் கரண்ட் போனால், வரும்வரை அந்த இடத்திலேயே இருப்பேன். வந்ததும் விட்ட சுரத்திலிருந்து தொடங்குவேன். முடிக்காமல் கோயிலை விட்டு இறங்கமாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

உன் சொல்லை மட்டும் கேட்கிற,
ஒரே தம்பி யோசேப்பு