எட்டுப் புள்ளி ஆறு

அக்கா,

இன்று காலை எருமப்பட்டியிலிருந்து வீடு திரும்பும்போது, உன் காரின் திரையில் எட்டுப் புள்ளி ஐந்து எட்டுப் புள்ளி நான்காக மாறியது. ஓரமாக நிறுத்திவிட்டேன்.

“ஏஞ் சாமி, சார்ஜு எறங்கிருச்சா?” என்றார் பக்கத்தில் இருந்த அப்பா.

“இல்லீங்கப்பா.”

ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக எத்தனை கிலோமீட்டர். வாங்கிய நாளிலிருந்து நீ ஒருமுறைகூட அழிக்காத எண். நீ போனபோது எட்டுப் புள்ளி ஆறு. பெடலை மிதிப்பதில் உன் கால் மென்மையானது. என்னுடையது அப்படியில்லை. நான் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் உன்னைக் கொஞ்சம் கலைக்கிறது.

மூன்று வண்டிகளையும் ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்தோமே, அந்த ஞாயிற்றுக்கிழமை. சேந்தமங்கலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் போய்த் திரும்ப. அப்பாவின் டீசல், என் கேஸ் வண்டி, உன் மின்சாரக் கார். செலவில் அப்பா கடைசி. நான் நடுவில், ஆனால் கேஸ் பங்க் வரிசையில் நின்ற நேரத்தை நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

“எரியற டீசல்ல பாதிக்கு மேல சூடாத்தான் போகுதுங்கப்பா. சூட்டுக்குங் காசு குடுக்கறீங்க” என்றாய்.

“அப்ப பானெட்டு மேல ஆம்லெட் போட்டுக்கறேன். நாமக்கல்ல முட்டைக்கா பஞ்சம்?” என்றார். பிறகு, “ஓட்டறதுக்குச் சீப்பு, செரி. வாங்கறப்ப அள்ளிக் குடுத்தியே, அது?”

“ஆறு வருசம் ஓட்டுனா திரும்ப வந்துருமுங்க. பண்ணை பண்ணையாப் போயிக் கோழிக்கு ஊசி போடறவ நானு. முன்னாலயே வந்துரும்.”

டயர், வட்டி, பேட்டரியின் வயது எல்லாம் நாம் கணக்குப் போட்ட தாளில் இருந்தன. ஓட்டுபவள் இருப்பாள் என்பதை மட்டும் நாம் எழுதவில்லை. எழுத வேண்டியதாகத் தோன்றவில்லை.

இரண்டாவது வருடம். மூன்று நாள் காய்ச்சல்.

துக்கத்துக்கு வந்த லாரிக்கார மாமா ஒருவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே உன் காரைச் சுற்றி வந்தார். “ஒரு சார்ஜுக்கு எவ்வளவுங்க ஓடுது?” நம் ஊர் வேறு எதைக் கேட்கும். கோபம் வந்தது. ஆனாலும் பதில் சொன்னேன்: “அக்கா ஓட்டுனா முந்நூறுங்க.”

ஓட்டினால்.

போன வாரம் வண்டியை விலைக்குப் பார்க்க ஒருவர் வந்தார். விற்றுவிடலாம் என்றது அப்பாதான். வாசலில் அது நிற்பதைப் பார்க்க முடியவில்லை என்றார். வந்தவர் உள்ளே உட்கார்ந்து திரையைத் தட்டினார். “இதென்னங்க பழைய கணக்கெல்லாங் கெடக்குது, ஜீரோ பண்ணிக்கலாமுங்களா?” விரல் போவதற்குள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“ஏனுங்க, ஒடஞ்சா போயிரும்?”

அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். வந்தவருக்கு நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இன்று ஓரத்தில் நிறுத்தியபோதும் அப்பா அப்படித்தான். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கிளப்பினேன். ரயில்வே மேம்பாலத்தின் மேலே ஏறி, இறக்கம் தொடங்கும் இடம்.

“காலை எடு சாமி” என்றார் அப்பா. “அவ இங்கதான் எடுப்பா.”

எடுத்தேன். இறக்கத்தில் சக்கரங்கள் சுழன்று பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பின. உன் வண்டியைக் கேலி செய்துகொண்டே இருந்த மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து உன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பாலம் முடிந்தது. பிறகு அவர் சொன்னார்: “நாளைக்கு அந்தாளு கூப்பிட்டா, வண்டி ஓடிட்டிருக்குதுன்னு சொல்லிரு.”

எட்டுப் புள்ளி நான்கு. வீடு வரும்வரை மாறவில்லை. நாளை குறையலாம். இப்போதெல்லாம் இறக்கங்களை முன்கூட்டியே தேடுகிறேன் அக்கா. வலது கால் பெடலுக்கு ஓர் அங்குலம் மேலே, ஒன்றையும் தொடாமல். நீ வைத்திருந்த இடத்தில்.