மூச்சைப் பிடிக்காத பட்டாம்பூச்சி

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே, அவள் சௌக்கியம், பல்வலி மட்டும் இருக்கிறது, அதுவும் டாக்டரிடம் போகலாம் என்று சொன்னவுடன் நின்றுவிடுகிறது, நானும் சௌக்கியம். மூன்று வருஷமாக நீ அம்மாவிடம் பேசும்போதெல்லாம் பக்கத்து அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்டே உன் நலம் தெரிந்துகொள்கிறேன், அதனால் புதிதாக விசாரிக்க ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் ஒழுகியது, உன் மாமா சரிசெய்கிறேன் என்று வந்தான், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கிற பட்டாம்பூச்சிக் கூடத்தில் நீ எடுத்த படங்களைப் பெரிதாக்கி மாட்டப்போகிறார்களாம், திறப்பு நாளுக்கு அம்மாவை வரச் சொல்லியிருக்கிறாயாம். அம்மாவை மட்டும். ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆஸ்பத்திரி லேபில் நான் நாலு பேர் கையைக் காலைப் பிடித்து வாங்கிக்கொடுத்த வேலையை விட்டுவிட்டு நீ கேமராவோடு கிளம்பிய அன்று, பூச்சியப் படம் புடிக்கறதெல்லாம் ஒரு பொழப்பா, இனிமே என் மூஞ்சியில முழிக்காதன்னு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினவன் நான்தான். நீயும் என் பேச்சைக் கேட்டுவிட்டாய், பிறந்ததிலிருந்து அந்த ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாய்.

அப்படி என்னதான் செய்கிறாய் பார்த்துவிடுவோம் என்று போன வாரம் மாமாவின் கேமராவை வாங்கிக்கொண்டு பக்கத்து ஊரில் இருக்கும் பட்டாம்பூச்சிக் கூடத்துக்குப் போனேன். முப்பத்தோரு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவனுக்கு இதெல்லாம் என்ன பிரமாதம் என்ற நினைப்பு. இரண்டு கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் வெந்நீர் போட்ட குளியலறை மாதிரி புழுக்கம், என் மூக்குக்கண்ணாடியும் லென்ஸும் ஒன்றாக ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, சட்டை நுனியால் துடைக்கத் துடைக்க மறுபடி படிகிறது. அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண்மணி பார்த்துவிட்டு, துடைக்காதீங்க சார், சூடு பழகினா தானே தெளிஞ்சிடும், கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்கன்னு சொன்னார். அரைமணி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் கூத்து. அம்மாவுக்கு நீ அனுப்பின படத்தில் இருக்கிற நீலப் பூச்சிதான் எனக்கும் வேண்டும். பறக்கும்போது கண்ணைப் பறிக்கிற நீலம், உட்கார்ந்ததும் சிறகை மூடிக்கொண்டு காய்ந்த இலையாட்டம் பழுப்பாகிவிடுகிறது. பழம் நறுக்கி வைத்த தட்டில் ஒன்று உட்கார்ந்து மெல்லச் சிறகைத் திறந்தது, நான் பழக்கதோஷத்தில், மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்கன்னு உரக்கச் சொல்லிவிட்டேன். பூச்சி பறந்துவிட்டது. சுற்றி நின்ற பதினைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் டீச்சரும் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார்கள், சரி மூச்சு விடலாம் என்று நானேதான் சொல்ல வேண்டியதாயிற்று.

நாலு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று படம். பதினொன்றில் வெறும் இலை, ஒன்றில் அந்த டீச்சரின் முழங்கை, மீதி எல்லாம் பழுப்பு. எனக்கெல்லாம் சுட்டுப்போட்டாலும் வராது. வீட்டுக்கு வந்து அம்மாவின் போனில் உன் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிறகு முழுக்க விரிந்திருக்கிறது, ஒரு கோடுகூடக் கலங்கவில்லை. என் வேலையில் ஆள் அசைந்தால் அதட்டினால் போதும், உன் வேலையில் அசையாமல் நிற்க வேண்டியவள் நீ. அந்தப் புழுக்கத்தில் எத்தனை நாள் அப்படி நின்றாயோ. எனக்குப் பெருமை தாங்கவில்லை, வாலு. முடிவெட்டுகிறவரிடம் காட்டினேன், மருந்துக்கடையில் வரிசையில் நின்ற எல்லாருக்கும் காட்டினேன், எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரைத் தேடிப்போய்க் காட்டினேன். இது கம்ப்யூட்டர்ல செஞ்சதான்னு அவர் கேட்டார். முப்பத்தோரு வருஷம் அவரிடம் குரல் உயர்த்தாதவன் அன்றைக்கு உயர்த்திவிட்டேன். என் பொண்ணு எடுத்தது சார், நின்னு எடுத்ததுன்னு சொன்னேன். அம்மா இப்போது என்னோடு கடைக்கு வரவே கூச்சப்படுகிறாள்.

தண்ணீர் நிறையக் குடி, அந்த வேர்வையோடு வெளியே வந்து ஃபேனுக்கு நேரே நிற்காதே, சளி பிடிக்கும். உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் நூறு வயசு நன்றாக இரு, என் ஆசி எப்போதும் உண்டு, இந்த மூன்று வருஷமும் உண்டு. அன்று வாசலில் நான் சொன்னது தப்பு. திறப்பு நாளுக்கு நானும் வரலாமா என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். பதிலை அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. வர வேண்டாம் என்பதானாலும் என்னிடமே சொல், அந்தச் சாக்கிலாவது உன் குரலை நேராகக் கேட்டுக்கொள்கிறேன். என் நம்பர் மாறவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா