கொட்டாஞ்சேனைக்காரிக்கு ஒரு டயமண்ட் செய்தி

பாட்டுப் போட்டு ரொட்டியும் பணிஸும் விற்கிற சூன் பாண் ஆட்டோ இப்போதுதான் எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போனது. அதே தேய்ந்த மெட்டு, மீன் வைத்த மாலு பாணின் அதே சூடான வாசனை. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி ஓடிப்போய் இரண்டு வாங்கி வந்தேன். பழக்கதோஷத்தில் இரண்டு வாங்கிவிட்டுக் கண் கலங்கினேன் என்று நினைத்துவிடாதே. வேண்டுமென்றேதான் இரண்டு. உன் பங்கையும் சேர்த்து இரண்டையும் நானே தின்றேன். இன்று எனக்கு அந்த உரிமை உண்டு.

உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. உன் அவசரம் தெரியும், "சுத்தி வளைக்காம சொல்லுடி" என்பாய். முடியாது. பதினொரு மாதமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள், முதலிலிருந்துதான் சொல்லப் போகிறேன்.

ஒரே கொழும்பில் நான் வெள்ளவத்தை, நீ கொட்டாஞ்சேனை. பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் நம் தமிழ் ஒன்றாகவில்லை. நான் "ஓம்" என்றால் நீ "ஓமோம், ஓமப்பொடி" என்று பழிப்புக் காட்டுவாய். "நீங்க கதைக்கிறவங்க, நாங்க பேசுறவங்க" என்பாய். எங்கள் வீட்டில் பேசுவது என்றால் ஏசுவது. உன் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒருகொடவத்தைக் கண்டெய்னர் யார்டில் நாள் முழுவதும் லொறிக்காரர்களோடு தொலைபேசியில் மல்லுக்கட்டிய தொண்டை அது. நானோ காது பரிசோதிக்கும் நிலையத்தில் கண்ணாடி அறைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புகிறவள். எனக்குக் கேட்கத் தெரியும், உனக்குக் கத்தத் தெரியும். இதை வைத்து ஒரு விளையாட்டில் முன்னேறலாம் என்று அப்போது நமக்கு யார் சொன்னார்கள்!

முப்பது வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள் சனிக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு துப்பாக்கி விளையாட்டு விளையாடுவதை அம்மாவால் கடைசிவரை ஏற்க முடியவில்லை. ஒன்பது மணிக்கு நீ லெப்டொப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்குவாய். தெமட்டகொடை ரிஸ்வான் அவன் வீட்டிலிருந்து இணைவான். ஹெந்தளையிலிருந்து சிங்களச் சகோதரர்கள் இருவரும் வருவார்கள். அவர்களுக்குப் பெயர்கள் இருந்தாலும் நமக்கு அவர்கள் அய்யேயும் மல்லியும்தான், சிங்களத்தில் அண்ணனும் தம்பியும். நாம் ஐந்து பேர், எதிரில் ஐந்து பேர். ஒரு பக்கம் குண்டு வைக்க வேண்டும், மறுபக்கம் தடுக்க வேண்டும். பதின்மூன்று சுற்றை முதலில் எடுக்கிற அணிக்கு வெற்றி. வென்றால் தரம் ஏறும், தோற்றால் இறங்கும்: கோல்ட், அதற்கு மேல் பிளாட்டினம், அதற்கும் மேல் டயமண்ட்.

ஒன்றரை வருடம் நாம் கோல்டிலேயே கிடந்தோம். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. நான் என்ன செய்யவில்லை? மவுஸின் வேகத்தைக் குறைத்தேன், பிறகு கூட்டினேன், திரும்பவும் குறைத்தேன். தினமும் வேலைக்குப் போகுமுன் அரை மணி நேரம் பயிற்சிப் பொம்மைகளைச் சுட்டேன். தலை உயரத்தில் குறியை வைத்துக்கொண்டே நடக்கப் பழகினேன். என் கை திருந்தியது, தரம் திருந்தவில்லை. நீயோ ஐந்து தோட்டாவில் நான்கைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, ஐந்தாவதை ரிஸ்வானின் முதுகுக்குக் கொடுப்பாய். "சாரிடா ரிஸ்வான், முன்னுக்கு வந்தது நீதான்" என்பாய்.

ஒரு நாள் நீதான் தோற்ற ஆட்டங்களின் பதிவுகளைப் போட்டுப் பார்க்கலாம் என்றாய். மூன்று ஆட்டம் பார்த்தோம். மூன்றாவது முடிவதற்குள் எனக்கே வெட்கமாகிவிட்டது. யாரும் சுடத் தெரியாமல் சாகவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே போய்ச் செத்துக்கொண்டிருந்தோம். அடுத்தவர் எங்கே நிற்கிறார், எதிரி எங்கே வருகிறான் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. "பாத்தியா, அஞ்சு பேரும் ஒரே பஸ்ஸுக்கு அஞ்சு ஹோல்ட்ல நிக்கிறோம்" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "காலடிச் சத்தம் எல்லாம் கேக்குறது உனக்குத்தான். மைக்கைப் போட்டுப் பேசு" என்றாய்.

பேசினேன். அதன் அழகுதான் உனக்குத் தெரியுமே. அய்யே குண்டோடு கதவடியில் நின்றார். மல்லியும் ரிஸ்வானும் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எப்போது உள்ளே நுழைகிறோம் என்று தெரிந்துகொள்ள நான் மைக்கில் "எப்ப?" என்று கேட்டேன். சிங்களக் காதுக்கு அது "எபா", அதாவது வேண்டாம். பாதிக் கதவைத் தாண்டிய அய்யே அப்படியே நின்றுவிட்டார். மல்லி அவர் மீது மோதினான், ரிஸ்வான் மல்லி மீது மோதினான். ஒரே கைக்குண்டில் மூவரும் போனார்கள்.

"நங்கிதானே, தங்கச்சிதானே எபா சொன்னது!" என்று அய்யே தன் உடைந்த தமிழில் கதறினார்.

"ஐயோ, நான் எப்ப எண்டு கேட்டனான்!"

"ஆ, எபாதானே!"

நீ நாற்காலியிலிருந்து வழுக்கி நிலத்தில் விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மைக்கை நிறுத்தினேன், பிறகு போடவில்லை. தமிழ் வெளியே கேட்கக்கூடாது, பஸ்ஸில் ஏறினால் மெல்லக் கதை, சந்தியில் நின்றால் கதையாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஒரு தடவை வாய் திறந்து அது பிழையாகிப்போனால், அந்த வாய் என்னிடம் எளிதில் திறப்பதில்லை. நீ வற்புறுத்தவும் இல்லை. கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாய். "சரி விடு, நீ என் காதுல சொல்லு, நான் கத்துறேன்."

அன்று தொடங்கியதுதான் நம் ஏற்றம். "எப்ப" என்ற சொல்லை அணியிலிருந்தே தடை செய்தாய். எல்லோருக்கும் வாயில் வருகிற சொற்கள் மட்டும்தான் இனிப் புழக்கம் என்றாய். வரைபடத்தில் கண்டெய்னர் அடுக்கிய இடத்துக்கு ஒருகொடவத்தை என்று பெயர் வைத்தாய். ரயில் தண்டவாளம் போகிற மூலை தெமட்டகொடை. தண்ணீர் ஓரம் ஹெந்தளை. நான் உன் காதில், "ரெண்டு பேர், கண்டெய்னர் பக்கம், மெல்ல வருகினம்" என்பேன். உன் வாயில் அது, "ஒருகொடவத்தைல ரெண்டு பேர், ஓடியாறான், விடாத!" என்று வெளியே போகும். மெல்ல வருகிறவனை ஏன் ஓட வைத்தாய் என்று கேட்டால், "மெல்ல வர்றான்னா இவனுங்க தூங்கிருவானுங்கடி" என்பாய். இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அன்றைக்கு மூட்டை கட்டு என்ற சட்டமும் உன்னுடையதுதான். கோபத்தில் மூன்றாவது ஆடித்தான் அதுவரை எத்தனையோ வெற்றிகளை அழித்திருந்தோம். ஐந்து மாதத்தில் பிளாட்டினம். "டயமண்ட்ல நிறுத்திருவோம், அதுக்கு மேல போனா பைத்தியம்" என்றாய்.

பிறகு மழை வந்தது, டெங்கு வந்தது. செவ்வாய்க்கிழமை வைத்தியசாலைக் கட்டிலிலிருந்து குரல் பதிவு அனுப்பினாய்: "பிளேட்லெட் கொறைஞ்சிருச்சாம். நீங்க ரேங்க்கக் கொறைச்சீங்கன்னா, வந்து ஒதைப்பேன்." வெள்ளிக்கிழமை நீ இல்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எவ்வளவு கோபம் என்றால், உன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, உன் அண்ணன் நீட்டிய தேநீரைக்கூட வாங்காமல் திரும்பிவிட்டேன். அழுகை இரண்டு கிழமை கழித்து, வேலையில் ஒரு முதியவருக்குக் காது பரிசோதித்துக்கொண்டிருந்தபோது வந்தது. அவர் பாவம், தனக்குத்தான் ஏதோ பெரிய வியாதி என்று பயந்துபோனார்.

மூன்று மாதம் யாரும் விளையாடவில்லை. பிறகு ரிஸ்வான் எல்லோரையும் கூட்டினான். நாங்கள் நால்வர், ஐந்தாவதாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யாரோ ஒரு முன்பின் தெரியாதவர். ஒருவரும் வாய் திறப்பதில்லை. மறுபடியும் ஐந்து பேர், ஐந்து பஸ் தரிப்பிடம். ஆறு கிழமையில் கோல்டுக்கு விழுந்தோம். நீ உதைக்க வரவில்லை.

அன்றுதான் ரிஸ்வான் எனக்குத் தனியாக அழைப்பெடுத்தான். "அக்கா, இனி நீங்க சொல்லுங்க."

"நான் என்னத்தைச் சொல்லுறது? அவள்தானே சொல்லுறவள்."

"இல்ல அக்கா. அவ எங்களுக்கு எப்பவோ சொல்லிட்டா. தான் சும்மா லவுட்ஸ்பீக்கராம், ரேடியோ பக்கத்துல ஈக்கிற நீங்கதானாம்."

களவாணி! என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? இத்தனை மாதமாக நான் ஒளிந்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அடுத்த சனிக்கிழமை மைக்கைப் போட்டேன். மெல்லிய குரலில், ஒவ்வொரு சொல்லாக. "தெமட்டகொடை. ஒராள்." "ஹெந்தளை. மூண்டு." சிங்களத்தில் பிழை விட்டால் மல்லி திருத்துவான். ஏறத் தொடங்கினோம். கோல்டைக் கடந்தோம், பிளாட்டினத்தின் மூன்று படிகளையும் கடந்தோம். நேற்று மாலை ஒரு வெற்றிதான் பாக்கி.

இன்று விளையாட்டின் இந்தப் பருவத்துக்குக் கடைசி நாள். நாளைக்கு எல்லோருடைய தரமும் கலைந்துவிடும். மல்லி புதன்கிழமை வேலைக்காகக் கொரியா போகிறான். உன் சொற்களைத் தெரிந்த நால்வரும் ஒன்றாக இருக்கப்போகிற கடைசிச் சனிக்கிழமை இதுதான். இன்று விட்டால் விட்டதுதான்.

ஐந்தாவதாக வந்து சேர்ந்தவன் ஒரு தமிழ்ப் பையன். சென்னையோ மதுரையோ, தெரியாது. நான் "ஒருகொடவத்தை, ஒராள்" என்றதுதான் தாமதம். "டேய், டீம்ல பொண்ணு இருக்குடா! அக்கா, அடுப்புல கொழம்பு தீயுது, போய்ப் பாருங்க" என்றான்.

என் வாய் மூடிக்கொண்டது. அவ்வளவுதான், ஒரு குழம்புக்கு மூடிக்கொண்டது. ஒன்பதுக்கு மூன்று என்று பின்னால் போனோம். "அக்கா, சொல்லுங்க" என்று ரிஸ்வான் கெஞ்சினான். "அக்கே, அக்கே" என்றான் மல்லி. பேசும் பொத்தானின் மேல் என் விரல் சும்மா கிடந்தது. இடப்பக்கம் இரண்டு காலடிகள் எனக்குத் துல்லியமாகக் கேட்டன. அந்தப் பையன் அதே பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எனக்கு உயர்ந்த எண்ணம் எதுவும் வரவில்லை. இந்த மடையனால் என் டயமண்ட் போகப்போகிறது என்று மட்டும்தான் தோன்றியது.

"டேய் தம்பி! கொழம்பு கெடக்கட்டும், ஒன் காது எங்கடா கெடக்கு? பின்னால ரெண்டு பேர் வர்றானுங்க, கேக்கலியா? செவிடா நீ? ஒருகொடவத்தையப் பாருடா, திரும்புடா!"

காது கேளாதவர்களோடு மரியாதையாகப் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் கேட்ட கேள்வியைப் பார். பிறகு அந்தப் பையன் மிகவும் பணிவாக, "அக்கா, ஒருகொடவத்தைன்னா எங்க இருக்கு?" என்றான்.

"கண்டெய்னர், மல்லி, கண்டெய்னர்!" என்று அவனையும் தம்பியாக்கி மல்லி அலறினான்.

பையன் திரும்பினான். இருவரையும் வீழ்த்தினான். நல்ல கை அவனுக்கு, சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகு நான் நிறுத்தவே இல்லை. அய்யேயை ஏசினேன், ரிஸ்வானை விரட்டினேன், மெல்ல வந்தவனையெல்லாம் ஓட வைத்தேன். ஒன்பதுக்கு ஒன்பது. பதினொன்றுக்குப் பதினொன்று. பன்னிரண்டு எங்களுக்கு. கடைசிச் சுற்றில் நானும் அந்தப் பையனும்தான் மிச்சம், எதிரே இருவர். ஹெந்தளைப் பக்கம் தண்ணீரில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. "இரு. இரு. அசையாத. இன்னும் வரட்டும். இப்ப அடிடா!" அவன் ஒருவனை அடித்தான். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மற்றவனின் தலை என் குறியில் தானாக வந்து நின்றது. தினம் அரை மணி நேரம் பொம்மைகளைச் சுட்டது வீண்போகவில்லை.

டயமண்ட்! எடுத்துவிட்டோம், தெரியுமா? அய்யே அழுதார். ரிஸ்வான் "அல்ஹம்துலில்லாஹ்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பையன், "அக்கா, அடுத்த மேட்சுக்கும் என்னையக் கூப்புடுவீங்களா? குழம்பு மேட்டருக்கு சாரி" என்றான். நான் எழுந்து நின்று, ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "எடுத்துட்டோம்டி! எடுத்துட்டோம்டி!" என்று சுவர் அதிரக் கத்திக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. அம்மா நின்றார், அரிசி களைந்த கை ஈரமாக இருந்தது. அறை முழுவதையும் ஒருமுறை பார்த்தார். கட்டிலைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளையின்ர குரல் கேட்டுது, வந்திட்டாளோ எண்டு ஓடி வந்தனான்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் அம்மா" என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.