எழுபதாம் பக்கத்தோடு நிறுத்தியவன்

ஜூன் 4, வியாழன்

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் தன்வரலாறு வந்திருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். தலையணையாக வைக்கலாம், கழுத்து வலிக்கும். நான் புரட்டிய மூன்று இடத்திலும் ஐயா செருப்பில்லாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டே இருக்கிறார். எப்போதுதான் போய்ச் சேர்ந்தாரோ. மனைவி? இருக்கிறார். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் பட்டியலில், தட்டச்சு செய்தவருக்கு அடுத்த இடத்தில்.

விமர்சனத்தில் கிழித்துத் தொங்கவிட்டாயிற்று. டீ வந்தது. குடித்தேன்.

ஜூன் 7

நேற்று தொழிற்சங்க அலுவலகத்தில், நான் விமர்சனம் எழுதும் சங்கப் பத்திரிகையின் ஆசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டார். “மாசம் ரெண்டு புத்தகம் எப்படிய்யா படிக்கிறே? எனக்குத் தலைப்பு படிக்கவே கொட்டாவி வருது.”

சிரித்து மழுப்பினேன். இங்கே சொல்லலாம், யார் பார்க்கப் போகிறார்கள். பஸ் டெப்போவில் உதிரிபாகக் கிடங்கு பார்க்கிறவன் நான். ஒரு பெட்டி போல்ட்டு வந்தால் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்துப் பார்ப்பேன். மூன்றும் சரியென்றால் பெட்டி சரி. புத்தகமும் பெட்டிதானே? முன்னுரை, எழுபதாம் பக்கம், கடைசிப் பக்கம். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவன், ‘கத்தரிக்கோல்’ என்ற பெயரில் பதினான்கு வருடமாகப் படித்தவர்களின் புத்தகங்களை வெட்டிக்கொண்டிருக்கும் ரகசியம் இவ்வளவுதான்.

ஜூன் 9

டெப்போ மெக்கானிக் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவி கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவைத்தாள். “பாத்தீங்களா, எங்க வீட்ல இடுக்கியே வாங்குறதில்ல. இவளுக்கு இரும்புக் கை!” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இவளும் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 15, திங்கள்

புதுப் புத்தகம். மருத்துவமனைச் சலவைக்கூடங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. கல்லூரி ஆசிரியை ஒருவர் தொகுத்திருக்கிறார். பெயர் சொல்லாமல் ஆளுக்கொரு அத்தியாயம் பேசுகிறார்கள். முன்னுரையில் ஆசிரியைக்கு நான்கு முறை தொண்டை அடைக்கிறது. மாத்திரை சாப்பிடலாம்.

எழுபதாம் பக்கத்தில் ஒரு பெண் சொல்கிறாள். படுக்கைவிரிப்புகளை இஸ்திரி உருளையில் நுழைக்கும்போது இடது கை உள்ளே மாட்டிக்கொண்டதாம். அதிலிருந்து ஒன்பது வருடமாக மூன்று விரல்களில் உணர்ச்சியே இல்லையாம். கணவனுக்கு இன்றுவரை தெரியாதாம்!

ஒரே கூரை, ஒரே பாய், ஒன்பது வருடம். தெரியாதாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? டீ வந்தது.

ஜூன் 17

எழுதி முடித்தேன். டீ வந்தது. எனக்கே பிடித்த இடம்: “இப்படி ஒரு கணவன் உலகத்தில் இருக்க முடியாது. இருந்தால் அவனைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கட்டணம் வசூலிக்கலாம். என் வீட்டிலும் ஒரு சலவைக்கூடத் தொழிலாளி இருக்கிறார். இருபது வருட அனுபவம். ஒருநாளும் ஒரு முனகல் கேட்டதில்லை. ஆசிரியை கண்ணீரைச் சொந்தமாகத் தயாரித்திருக்கிறார்.”

ஜூன் 18

என் கையெழுத்தைத் தட்டச்சு செய்பவள் மகள். அவளுக்குத்தான் அது புரியும். இன்று பாதியில் நிறுத்திவிட்டாள்.

“இத அனுப்ப வேணாம்ப்பா.”

“ஏன், காரம் அதிகமா?”

“முழுசா படிச்சீங்களா?”

“படிக்கவேண்டியத படிச்சேன்.”

“அம்மாகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவங்களும் அதே வேலைதானே?”

“கேக்க என்ன இருக்கு? என் பொண்டாட்டியப் பத்தி எனக்குத் தெரியாததா?”

மிச்சத்தை அடித்துக் கொடுத்தாள். விசைகளின் மேல் என்ன கோபமோ, அந்த அடி அடித்தாள்.

ஜூலை 1

இதழ் வந்துவிட்டது. டெப்போவில் நடந்தால் போதும், “கண்ணாடிப் பெட்டி எப்படி இருக்காரு?” என்கிறார்கள். டிரைவர் ஒருவர் சத்தமாகவே வாசித்துக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 2, வியாழன்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“படிச்சேங்க. நல்லா சிரிப்பா எழுதியிருக்கீங்க.”

“உனக்குப் பிடிக்கும்னு தெரியும்.”

“எழுபத்தொண்ணாம் பக்கத்தையும் படிச்சிருக்கலாம்.”

போய்விட்டாள். பக்க எண்ணை நான் விமர்சனத்தில் எழுதவே இல்லையே.

மாலை — படித்தேன்.

ஜூலை 3

எழுதிவைக்கிறேன். எழுதாவிட்டால் இதையும் எங்கேயாவது ஒளித்துவிடுவேன்.

எழுபத்தோராம் பக்கம்: “சூடான பாத்திரத்த வெறுங்கையால தூக்குறேன்னு எங்க வீட்டுக்காரர் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பெருமையா சொல்வாரு. இரும்புக் கைன்னு. கெட்டவர் இல்ல. குடி கிடையாது, அடி கிடையாது. எதையும் சிரிப்பாக்கிடுவாரு, அவ்வளவுதான். இதையும் சிரிப்பாக்கிட்டா என்னால தாங்க முடியாது. அதான் சொல்லல.”

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். “லேசா சுட்டுடுச்சு” என்றாள். நான் என்ன சொன்னேன்? “சட்டைய இஸ்திரி போடச் சொன்னா கையப் போட்டியா?” — அதுதான் சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. நல்ல ஜோக் என்று டெப்போவில் வேறு சொன்னேன்.

மகளிடம் கேட்டேன், “உனக்குத் தெரியுமா?”

“தெரியும். சொல்லக்கூடாதுன்னு அம்மாதான் சத்தியம் வாங்கினாங்க. அதுக்கு மேல எப்படிப்பா சொல்றது? அனுப்பாதீங்கன்னு சொன்னேன்ல.”

ஜூலை 4

அவள் எதிரில் உட்கார்ந்தேன். கையைக் கொடு என்றேன். கொடுத்தாள். அந்த மூன்று விரல்களையும் அழுத்தினேன்.

“தெரியுதா?”

“நீங்க பிடிச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியுது.”

வாயில் ஒரு ஜோக் வந்து நின்றது. இந்த வாயை என்ன செய்ய? விழுங்கினேன்.

ஜூலை 5

இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் ‘டீ வந்தது’, ‘டீ வந்தது’. தானாகவே நடந்து வந்திருக்கும்போல. அந்த அதிகாரி பரவாயில்லை, நன்றிப் பட்டியலிலாவது மனைவியைச் சேர்த்தார்.

ஜூலை 8

என் விமர்சனத்துக்கு நானே மறுப்பு எழுதினேன். “கண்ணாடிப் பெட்டிக்கான ஆள் கிடைத்துவிட்டான். உதிரிபாகக் கிடங்கில் இருக்கிறான். பார்வை நேரம் காலை பத்து முதல் ஐந்து.” தட்டச்சுக்குக் கொடுக்கும் முன் இவளிடம் நீட்டினேன். வெளியே போட அவளுக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டுமல்லவா. அந்த அளவுக்காவது புத்தி வந்திருக்கிறது.

படித்தாள். தாளை மடித்து என் மடியில் வைத்தாள்.

“போடுங்க, எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா இதையும் சிரிப்பாக்கிட்டீங்களே.”

ஜூலை 9

ஏழு தாள் கிழித்தேன். சிரிப்பில்லாமல் ஒரு வரி வரமாட்டேன் என்கிறது.

ஜூலை 11, சனி

“சென்ற இதழில் நான் எழுதிய விமர்சனம் தவறு. அந்த நூலை நான் முழுக்கப் படிக்கவில்லை. எழுபத்தோராம் பக்கத்தில் வரும் கணவன் நான்.”

மகள் அடித்துவிட்டு, “கீழ கத்தரிக்கோல்னு போடவா?” என்றாள். அடுப்படியிலிருந்து இவள் குரல். “புனைபேருல கேட்டா அது என்ன மன்னிப்பு? பொறந்தப்போ வச்ச பேர போடச் சொல்லு.”

போட்டோம். பத்திரிகை ஆசிரியர் போன் பண்ணி, “இத போட்டா உன் பக்கத்த எவன்யா இனிமே மதிப்பான்?” என்றார். போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

இதழ் வந்தது. டெப்போவில் யாரும் வாசித்துக் காட்டவில்லை. மெக்கானிக் மட்டும் அருகில் வந்து, “அன்னிக்கு நானும் சிரிச்சேன்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நான் டீ போட்டேன். தம்ளரைத் துணியில் சுற்றி அவளுடைய வலது கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள்.

“சர்க்கரையே போடல.”

முதல் வாயிலேயே விமர்சனம். ஆனால் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் தம்ளரைக் கீழே வைத்தாள்.