வால்ட்டர் கேட்காத பாட்டு

இர்விங், 15.3.1999

அன்புள்ள அம்மாவுக்கு சைலஸ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் நலம். முழங்கால் வலிக்கு மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

என்னோடு வேலை செய்யும் வால்ட்டர் வியட்நாம் போருக்குப் போனவர். நேற்று அவர் வீட்டு டிவியில் ஒரு போர்ப் படம். ஹெலிகாப்டர் வந்ததும், இந்த மாதிரிப் படங்களில் வழக்கமாக வரும் அறுபதுகளின் கிறுகிறுக்கும் ராக் பாட்டு. "அங்க இதைத்தான் கேட்டீங்களா?" என்றேன்.

"ஒருநாளும் இல்லப்பா. படத்துல பார்த்துப் பார்த்து, இப்ப போரை நினைச்சாலே இதுதான் ஓடுது. நிஜமா கேட்ட சத்தமெல்லாம் போச்சு" என்றார்.

நீங்கள் அனுப்பும் கேசட்டில் இரண்டு பக்கமும் சினிமாப் பாட்டு. இனி வேண்டாம். நம் வீட்டை நினைத்தால் எனக்கும் பாட்டுதான் வருகிறது. சமைக்கும்போது ரெக்கார்டரைப் பக்கத்தில் வையுங்கள். அப்பாவைத் திட்டும்போது நிறுத்திவிடாதீர்கள், அதுவும் பதியட்டும்.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

சைலஸ்