சத்தமாகப் படிக்கும் மேஜை

ஜூன் 17, செவ்வாய்
வெயில். காவேரியில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தில் பஸ்ஸே ஒரு பக்கமாய் எட்டிப் பார்த்தது.

வேலையும் இல்லை, காலேஜும் இல்லை. அதனால் ஸ்ரீரங்கம் லைப்ரரி. ஃபேன் இலவசம். கூட ரிஸ்வானா. பாலக்கரைக்காரி, ஸ்கூலில் என் பெஞ்ச். கண் தெரியாது. பி.காம். முடித்தவள், அடுத்த மாதம் பேங்க் பரீட்சை. கைடு எதுவும் பிரெய்லில் கிடையாது. நான் படிக்க, அவள் கேட்க. குசுகுசுவென்றுதான் படித்தேன். முதலில் ஒரு "உஷ்!" அப்புறம் ஹால் முழுக்க.

லைப்ரரியன் மேடம்: "வெளிய போய்ப் படிங்கம்மா. இங்க சத்தம் கூடாது."

வாசல் படி. ஹாரன். தொண்டை கட்டிவிட்டது.
ரி.: "நீ படிக்கிறியா, ஏலம் விடுறியா?"

ஜூன் 18, புதன்
மறுபடி வாசல் படி. ரி. சொன்னாள்: "விடுடி. இந்த வருஷம் வேணாம்."

சுர்ரென்று ஏறியது. தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். வாட்டர் கேனுக்கு மேலே பழைய போட்டோ. கீற்றுக் கொட்டகை. நடுவில் ஒருத்தர், கையில் விரித்த பேப்பர், திறந்த வாய். சுற்றித் தரையில் கூட்டம்.

அது என்னவென்று மேடத்திடம் கேட்டேன். அவர்: "அப்பல்லாம் எத்தனை பேருக்கும்மா படிக்கத் தெரியும்? ஒருத்தர் படிப்பாரு, தெருவே கேக்கும். இந்த லைப்ரரி அப்படித்தான் ஆரம்பிச்சுது."

"இன்னிக்கி வந்தா அவரையும் வெளிய அனுப்புவீங்களா மேடம்?"

என் வாய்! மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கார்டைப் பிடுங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி
லைப்ரரி லீவு. அப்பா: "அங்கயும் லீவா? இனி எங்க போய் உக்காருவ?" தோசை நான்கு. கோபத்தில் ஐந்து.

ஜூன் 21, சனி
ஜெயித்தாச்சு!! பின்னால் பழைய பேப்பர் கட்டு அடைத்திருந்த அறை. மேடம் காலி பண்ணிவிட்டார். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, முனகும் ஃபேன். கதவில் அவர் கையெழுத்து: 'இங்கே சத்தமாகப் படிக்கலாம்.'

வட்டிக் கணக்கு முழுக்க முடித்தோம். நடுவில் ஒரு தாத்தா தலையை நீட்டினார். "கண்ணு ஆபரேஷன்மா. அப்படியே தலையங்கத்தையும் வாசிச்சுடேன்."
ரி.: "க்யூல வாங்க தாத்தா."

ஜூன் 24, செவ்வாய்
புதுச் சிக்கல். பரீட்சையில் ரி. சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும். விதிப்படி அந்த ஆள் அவளைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும். மேடம் ஹாலில் வந்து கேட்டார். கவர்மென்ட் பரீட்சைக்குப் படிக்கிற கூட்டம் மொத்தமும் நிமிர்ந்தது. பி.இ., எம்.ஏ., பி.எட்., எம்.எஸ்ஸி. ஒருத்தரும் தேறவில்லை.

கை தூக்கினேன். "பிளஸ் டூ. இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷத்துலயே நின்னாச்சு."

மேடம்: "கச்சிதமா இருக்கு!"
ரி.: "நல்லவேளை, நீ முடிச்சுத் தொலைக்கல."

வீட்டில் சொன்னேன். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார்.
"அப்ப... படிப்ப விட்டதுக்காக எடுத்திருக்காங்களா?"
"ஆமாப்பா. அவ்ளோ பேர்ல நான் ஒருத்திதான்."