ஹேமலதாவுக்குப் போட்ட விலாசம்

மஸ்கட்
4.3.1996

அம்மாவுக்கு சாமுவேல் எழுதுவது. கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். உடுமலைப்பேட்டைப் பெண் ஹேமலதாவுக்கு எழுதும்போது, கைப்பழக்கத்தில் நம் போத்தனூர் வீட்டு விலாசத்தைப் போட்டுவிட்டேன். தபாலில் அனுப்பிய பிறகுதான் நகலைப் பார்த்தோம். எனக்கு வியர்த்துவிட்டது.

அவளோ, "பரவாயில்லீங்க சார், லீவுக்குப் போறப்ப நானே உங்க ஊட்டுல வாங்கிக்கிறேனுங்க" என்றாள்.

இன்டர்வியூ கார்டு வந்தால் பத்திரப்படுத்துங்கள். அவளுக்குக் காபி கொடுங்கள். ரயில் போகும்போது நம் அலமாரித் தட்டுகள் இன்னும் அதிர்கின்றனவா என்று பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்களைக் கேட்டால் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்பீர்கள்.

வகுப்பு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகன்
சாமுவேல்